எக்ஸ்எம்எல் ஃபைல் உடைகிறதா? அறிகுறியை வைத்து எஸ்கேப் பிழையைப் பிடிக்கும் வழி

தகவலை டேக்குகளுக்குள் வைத்து அனுப்பும் வடிவம் எக்ஸ்எம்எல். நிரல் வழியாக உருவாக்கும் எக்ஸ்எம்எல்லில் நூறு வாடிக்கையாளர் பெயர்கள் சிக்கலில்லாமல் போய்ச் சேரும். நூற்றோராவது பெயர் ‘முருகன் & சன்ஸ்’ என்று வந்தால் மொத்த ஃபைலும் திரும்பி வந்துவிடும். எச்டிஎம்எல்லில் இப்படி ஒன்று வந்தால் பிரவுசர் சமாளித்துக்கொண்டு போகும். எக்ஸ்எம்எல்லைப் படித்துப் பிரிக்கும் நிரலான பார்சர் அப்படிப் போகக் கூடாது என்பது விதி. 1998-ல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 தரத்திலேயே, வடிவம் பிசகினால் அங்கேயே நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மதிப்பு இதுவரை எத்தனை முறை எஸ்கேப் ஆகியிருக்கிறது? (எஸ்கேப் என்றால் &, < போன்ற குறிகளைப் பார்சர் குழம்பாத மாற்று வடிவில் எழுதுவது.) ஒரு முறைதான் ஆக வேண்டும், அதுவும் ஃபைலில் எழுதும் அந்தக் கணத்தில், எழுதும் லைப்ரரியின் கையால். ஒரு முறைகூட ஆகாவிட்டால் ஃபைல் உடையும். இரண்டு முறை ஆனால் ஃபைல் உடையாது, தகவல் கெடும். இரண்டாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓடும்.

குறிகள் ஐந்து. & என்பதற்கு &#38;, < என்பதற்கு &#60;, > என்பதற்கு &#62;, இரட்டை மேற்கோளுக்கு &#34;, ஒற்றை மேற்கோளுக்கு &#39;. உங்கள் லைப்ரரி எண்ணுக்குப் பதில் ஆம்ப், எல்டி, ஜிடி, குவாட், அபாஸ் என்ற பெயர் வடிவங்களை எழுதலாம். பார்சருக்கு இரண்டும் ஒன்றே. இங்கே எண் வடிவத்தையே காட்டுகிறோம்.

தேடத் தொடங்கும் முன்

ஃபைலை பிரவுசரிலோ எக்செலிலோ திறந்து பார்க்காதீர்கள். அவை பார்ஸ் செய்த பிறகுதான் காட்டும். எஸ்கேப் எல்லாம் அவிழ்ந்திருக்கும். சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, பிழைச் செய்தி சொல்லும் வரிக்குப் போங்கள். எக்ஸ்எம்எல்லைச் சோதிக்கும் எக்ஸ்எம்எல்லின்ட் கருவி கையில் இருந்தால் ‘நோஅவுட்’ என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள், பிழையை மட்டும் சொல்லும்.

வரி எண், நெடுவரிசை எண் இரண்டும் பார்சர் திகைத்து நின்ற இடத்தைத்தான் காட்டும், தவறு நடந்த இடத்தை அல்ல. தனி & குறிக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடம். மூடாத மேற்கோள் என்றால், தவறு பத்து வரி முன்னால் இருக்கலாம். பைத்தானின் எலிமென்ட்ட்ரீ நெடுவரிசையை 0-லிருந்து எண்ணும், பெரும்பாலான எடிட்டர்கள் 1-லிருந்து எண்ணும். ஒன்று தள்ளிப் பாருங்கள்.

அறிகுறி: & இருக்கும் இடத்தில் பார்சர் நிற்கிறது

செய்தி பார்சருக்குப் பார்சர் மாறும். பைத்தானில் ‘நாட் வெல்-ஃபார்ம்ட், இன்வேலிட் டோக்கன்’ என்று வரும். டாட்நெட்டில் ‘என்டிட்டி நேம்’ பார்ஸ் ஆகவில்லை என்று வரும் (என்டிட்டி என்பது & குறியில் தொடங்கி அரைப்புள்ளியில் முடியும் மாற்றுப் பெயர்). ஜாவாவின் செர்சஸ் இன்னும் துல்லியம். அது சொல்வதை வைத்தே மூன்று வகையாகப் பிரித்துவிடலாம்.

& குறிக்குப் பின் உடனே பெயர் வர வேண்டும் என்று சொன்னால், & குறிக்கு அடுத்து இடைவெளி இருக்கிறது:

<பெயர்>முருகன் & சன்ஸ்</பெயர்>

அரைப்புள்ளியில் முடிய வேண்டும் என்று சொன்னால், & குறியை ஒட்டி எழுத்து இருக்கிறது. பெரும்பாலும் இணைய முகவரி:

<இணைப்பு>/அறிக்கை?மாதம்=4&ஆண்டு=2024</இணைப்பு>

இதில் & குறியை &#38; ஆக்கினால் போதும். சதவீதக் குறியும் 26-ம் சேர்த்து எழுதும் முகவரி என்கோடிங்கை இங்கே கொண்டுவராதீர்கள். அது வேறு அடுக்கு. அதைச் செய்தால் எக்ஸ்எம்எல் சரியாகிவிடும், ஆனால் முகவரியின் பொருள் மாறி, சர்வர் ‘ஆண்டு’ என்ற அளவுருவையே காணாது.

அறிவிக்கப்படாத என்டிட்டி என்று சொன்னால், எச்டிஎம்எல்லில் இருந்து ஒட்டப்பட்ட ஏதோ உள்ளே இருக்கிறது. உடையாத இடைவெளிக்கும் காப்புரிமைக் குறிக்கும் எச்டிஎம்எல்லில் பெயர்கள் உண்டு. எக்ஸ்எம்எல்லுக்கு மேலே சொன்ன ஐந்து பெயர்களைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அவற்றை &#160;, &#169; என்று எண்ணாக எழுதலாம், அல்லது அந்த எழுத்தையே நேராக வைக்கலாம். பிஎச்பியில் எச்டிஎம்எல்என்டிட்டீஸ் ஃபங்ஷனை எக்ஸ்எம்எல்லுக்குப் பயன்படுத்தினால் இந்த வம்பு கட்டாயம் வரும். எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் ஃபங்ஷனை எக்ஸ்எம்எல்1 கொடியோடு அழையுங்கள்.

தீர்வு என்று பார்த்தால், ஸ்ட்ரிங்குகளைக் கூட்டல் குறியால் ஒட்டி டேக் எழுதுவதை நிறுத்துவதுதான் தீர்வு. ஜாவாவில் எக்ஸ்எம்எல்ஸ்ட்ரீம்ரைட்டர், டாட்நெட்டில் எக்ஸ்எம்எல்ரைட்டர், பைத்தானில் எலிமென்ட்ட்ரீ அல்லது எல்எக்ஸ்எம்எல் என்று எதையாவது பிடித்துக்கொண்டு, மதிப்பை எழுதும் வேலையை அதனிடமே விடுங்கள்.

லைப்ரரியைப் பயன்படுத்தியும் & உடைத்தால், பிஎச்பிக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. டாம்டாக்குமென்ட்டின் கிரியேட்எலிமென்ட் ஃபங்ஷனுக்கு இரண்டாவது மதிப்பாக ‘முருகன் & சன்ஸ்’ கொடுத்தால், அது & குறியை எஸ்கேப் செய்யாது. ‘அன்டெர்மினேட்டட் என்டிட்டி ரெஃபரன்ஸ்’ என்று ஓர் எச்சரிக்கையை மட்டும் லாகில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும்; பெயர் முழுதாகப் போய்ச் சேராது. சிம்பிள்எக்ஸ்எம்எல்லின் ஆட்சைல்ட் ஃபங்ஷனும் அப்படியே. எலிமென்ட்டை (தொடக்க டேக் முதல் மூடும் டேக் வரையான பகுதி) வெறுமையாக உருவாக்கி, கிரியேட்டெக்ஸ்ட்நோட் வழியாக எழுத்தைச் சேருங்கள். சிம்பிள்எக்ஸ்எம்எல்லில் ஆட்சைல்டுக்குப் பதில் சமக் குறியால் நேராக மதிப்பிட்டால் எஸ்கேப் தானாக நடக்கும். ஒரே லைப்ரரியில் ஒரு வழி எஸ்கேப் செய்கிறது, இன்னொரு வழி செய்வதில்லை. இதைத் தெரியாமல் நாள் கணக்கில் தேடியவர்கள் நிறையப் பேர்.

அறிகுறி: ஃபைல் போய்ச் சேர்கிறது, திரையில் &#38; என்று தெரிகிறது

இது இரட்டை எஸ்கேப். டெக்ஸ்ட் எடிட்டரில் பார்த்தால் இப்படி இருக்கும்:

<பெயர்>முருகன் &#38;#38; சன்ஸ்</பெயர்>

பார்சர் ஒரு சுற்றை அவிழ்க்கும், மிச்சம் &#38; திரையில் நிற்கும். மூன்று இடங்களில் தேடுங்கள்.

முதல் இடம் உங்கள் நிரல். யாரோ எஸ்கேப் ஃபங்ஷனை அழைத்துவிட்டு, அதன் விடையை எஸ்கேப் செய்யும் ரைட்டரிடமே கொடுத்திருப்பார்கள். கையால் அழைத்ததை நீக்குங்கள், ரைட்டரில் கை வைக்காதீர்கள்.

கையால் எழுதிய ரீப்ளேஸ் வரிசை இருந்தால் அதன் ஒழுங்கைப் பாருங்கள். & குறியை முதலில் மாற்ற வேண்டும். < குறியை முதலில் மாற்றினால் &#60; வரும்; அடுத்து & குறியை மாற்றும்போது அதே &#60; என்பது &#38;#60; ஆகிவிடும். அவிழ்க்கும்போது ஒழுங்கு தலைகீழ், & கடைசியில்.

இரண்டாம் இடம் டேட்டாபேஸ். வெப் படிவத்தில் இருந்து வந்ததைச் சேமிக்கும்போதே எஸ்கேப் செய்திருந்தால், உள்ளே கிடப்பதே &#38; தான். ஒரு செலக்ட் ஓட்டினால் தெரிந்துவிடும். டேட்டாபேஸில் எப்போதும் மூல எழுத்தே இருக்க வேண்டும். ஏற்கெனவே கெட்டுப்போன வரிகளைத் திருத்தும்போது, முதலில் அவற்றைத் தனியாகப் பட்டியலிட்டுக் கண்ணால் பாருங்கள். பிறகு ஒரே ஒரு முறை அவிழுங்கள். நிரல் பாடக் குறிப்பு போன்ற பத்திகளில் &#38; என்பதே உண்மையான உள்ளடக்கமாக இருக்கக்கூடும். அதையும் சேர்த்து அவிழ்த்தால் திரும்பப் பெற வழியில்லை.

மூன்றாம் இடம் எஸ்க்யூஎல் சர்வர். பல வரிகளை ஒரே ஸ்ட்ரிங்காக இணைக்க ‘ஃபார் எக்ஸ்எம்எல் பாத்’ உத்தியைப் பயன்படுத்தும் பழைய கோட் இன்னும் ஏராளம். அது எக்ஸ்எம்எல் என்பதால் & குறியை எஸ்கேப் செய்தே தரும்; அதை நீங்கள் வெறும் எழுத்து என்று எண்ணி மறுபடி எழுதுவீர்கள். ‘டைப்’ சேர்த்து, வேல்யூ மெத்தடால் எழுத்தாக எடுங்கள். 2017 பதிப்போ அதற்குப் பிந்தையதோ என்றால் ஸ்ட்ரிங்_ஆக் ஃபங்ஷனுக்கு மாறிவிடுங்கள், இந்தச் சுற்றே தேவையில்லை.

பெறும் பக்கத்தில் ‘இன்னொரு முறை அவிழ்த்துவிடலாம்’ என்று ஒட்டுப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். அனுப்பும் பக்கம் திருந்திய நாளில் அந்த ஒட்டு சரியான தகவலைக் கெடுக்கத் தொடங்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சில சேவைகள் ஒரு முழு எக்ஸ்எம்எல்லை இன்னொரு எக்ஸ்எம்எல்லின் எலிமென்ட்டுக்குள் எழுத்தாக வைத்து வாங்கும். அங்கே உள்ளே இருக்கும் டேக்குகள் &#60; என்று தொடங்குவதும், உள் & குறி &#38;#38; என்று இருப்பதும் சரியே. அடுக்குக்கு ஒரு முறை என்று எண்ணிப் பாருங்கள்.

அறிகுறி: டெக்ஸ்டில் சரி, அட்ரிபியூட்டில் மட்டும் உடைகிறது

அட்ரிபியூட் என்பது டேக்குக்குள்ளேயே பெயர்="மதிப்பு" என்று எழுதும் பகுதி. ஹார்டுவேர் கடைப் பொருள் பட்டியலில் இது நிச்சயம் வரும், ஏனென்றால் அங்குலத்துக்கு மேற்கோள் குறி போடுவார்கள்:

<பொருள் பெயர்="பிவிசி குழாய் 4" கனமான வகை" விலை="310"/>

4-ஐ அடுத்த மேற்கோளில் அட்ரிபியூட் முடிந்துவிட்டதாகப் பார்சர் எடுத்துக்கொள்ளும். ‘கனமான’ என்பது அடுத்த அட்ரிபியூட் என்று எண்ணி, சமக் குறி எங்கே என்று கேட்கும். பிழைச் செய்தியில் மேற்கோள் பற்றிப் பேச்சே இருக்காது. சரியான வடிவம்:

<பொருள் பெயர்="பிவிசி குழாய் 4&#34; கனமான வகை" விலை="310"/>

பைத்தானின் சாக்ஸ்யூட்டில்ஸில் உள்ள எஸ்கேப் ஃபங்ஷன் &, <, > மூன்றை மட்டுமே மாற்றும், மேற்கோளைத் தொடாது. அட்ரிபியூட்டுக்கு அதிலேயே கோட்ஆட்டர் என்று தனியாக இருக்கிறது. சுற்றியுள்ள மேற்கோளையும் அதுவே போட்டுத் தரும், நீங்கள் இன்னொன்று போடக் கூடாது. பிஎச்பி 8.1-க்கு முன் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் இயல்பாக ஒற்றை மேற்கோளை விட்டுவிடும். பழைய சர்வரில் ஒற்றை மேற்கோளால் சூழ்ந்த அட்ரிபியூட் உடைந்தால் காரணம் அதுதான்.

இன்னொன்று உடையாமலே கெடுக்கும். அட்ரிபியூட்டுக்குள் நேராகக் கிடக்கும் வரி முறிவையும் டேபையும் பார்சர் இடைவெளியாக மாற்றிவிடும். மூன்று வரி முகவரி ஒரே வரியாக வந்து நிற்கும். வரி முறிவை &#10; என்றும் டேபை &#9; என்றும் எழுதினால் காப்பாற்றப்படும். முகவரியை எலிமென்ட்டாகவே வைப்பது இன்னும் நல்லது.

அறிகுறி: எல்லாம் எஸ்கேப் ஆகியும் ‘இன்வேலிட் கேரக்டர்’

எஸ்கேப்பால் தீராத சிக்கல் இது. எக்ஸ்எம்எல் 1.0 அனுமதிக்கும் யூனிகோட் குறியெண்கள் இவை மட்டுமே: 9, 10, 13, 32 முதல் 55295 வரை, 57344 முதல் 65533 வரை, 65536 முதல் 1114111 வரை. மற்றவை நேராகவும் வரக் கூடாது, எண் வடிவிலும் வரக் கூடாது. &#11; என்று எழுதி ஏமாற்ற முடியாது; அதுவும் பிழையே.

இவை எங்கிருந்து வருகின்றன? வேர்டிலும் பவர்பாயின்டிலும் ஷிஃப்ட்-என்டர் போட்ட வரி முறிவை நகலெடுத்து ஒட்டினால் குறியெண் 11 வரும், கண்ணுக்குத் தெரியாது. ஜிஎஸ்1 வகை பார்கோடு ஸ்கேனர் புலங்களுக்கு நடுவே 29 அனுப்பும். டேலியில் இருந்து எடுக்கும் எக்ஸ்எம்எல்லில் ‘பிரைமரி’ என்ற குழுப் பெயருக்கு முன் &#4; நிற்கும்; கண்டிப்பான பார்சர் எதிலும் அது நுழையாது. பார்ஸ் செய்யும் முன்பே, எழுத்தாக இருக்கும்போதே அந்த நான்கு குறிகளையும் நீக்கிவிட வேண்டும்.

லைப்ரரிகள் இதில் ஆளுக்கொரு விதம். எல்எக்ஸ்எம்எல் எழுதும்போதே மறுத்துவிடும். டாட்நெட் ரைட்டரும் இயல்பு நிலையில் மறுக்கும். கோ மொழியின் எஸ்கேப்டெக்ஸ்ட் 65533-ஆல் மாற்றிவைக்கும். ஜாவாவில் காமன்ஸ் டெக்ஸ்டின் எஸ்கேப்எக்ஸ்எம்எல்10 சத்தமில்லாமல் நீக்கிவிடும். பைத்தானின் எலிமென்ட்ட்ரீ எதையும் சொல்லாமல் அப்படியே எழுதிவிடும், பிறகு தான் எழுதியதைத் தானே படிக்க முடியாமல் நிற்கும். எலிமென்ட்ட்ரீ பயன்படுத்துகிறவர்கள் சுத்தம் செய்யும் ஃபங்ஷன் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொண்டே ஆக வேண்டும்.

சுத்தம் என்றால் எல்லாவற்றையும் துடைப்பதல்ல. 11 என்பது உண்மையில் வரி முறிவு, ஆகவே 10 ஆக்குங்கள். 29 என்பது புலங்களைப் பிரிப்பது; அதைத் துடைத்தால் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் ஒட்டிக்கொள்ளும். எழுதும் முன் பிரித்துத் தனி எலிமென்ட்டுகளில் வையுங்கள். படம் போன்ற பைனரி என்றால் பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக்குங்கள். எக்ஸ்எம்எல் 1.1-க்கு மாறலாம் என்ற யோசனை வேண்டாம். டாட்நெட்டின் ரீடரும் எக்ஸ்பேட் என்ற பார்சரும் 1.0-ஐ மட்டுமே படிக்கின்றன.

தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே ஒன்றில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ‘சட்டவிரோத எழுத்துகளை நீக்கும்’ ரெகெக்ஸ் (எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் வாய்பாடு) என்று இணையத்தில் கிடைப்பவற்றில் சில, 127-க்கு மேல் உள்ள அனைத்தையும் நீக்குபவை. எக்ஸ்எம்எல் உடையாது, சோதனையும் தேறும், தமிழ்ப் பெயர்கள் மட்டும் வெறுமையாகிவிடும். 8204, 8205 என்ற கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் நீக்காதீர்கள். ‘க்‌ஷ’ என்று பிரித்துக் காட்ட விரும்பும் இடத்தில் 8204 வேண்டும். எக்ஸ்எம்எல்லில் அவை முழுக்கச் செல்லுபடியானவை.

அறிகுறி: தமிழ் எழுத்து தமிழாகத் தெரியவில்லை

நான்கு தோற்றங்கள் உண்டு, நான்கும் வேறு வேறு.

&#2980;&#2990;&#3007;&#2996;&#3021; என்று இருந்தால் பிழையே இல்லை. அது ‘தமிழ்’ என்ற சொல், எந்தப் பார்சரும் சரியாகப் படிக்கும். எலிமென்ட்ட்ரீயின் டுஸ்ட்ரிங் ஃபங்ஷன், என்கோடிங் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) சொல்லாவிட்டால் ஆஸ்கியில் எழுதும், அதனால் இப்படி. யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டால் போதும். ஃபைலும் சிறுக்கும்: ‘த’ என்ற எழுத்து யூடிஎஃப்-8-ல் 3 பைட், எண் வடிவில் 7 பைட்.

மேலே சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ஏ, அடுத்து ® அல்லது ¯, அடுத்து ஏதோ ஒரு குறி என்று மும்மூன்றாக வந்தால், யூடிஎஃப்-8-ஐ யாரோ விண்டோஸ்-1252 என்று எண்ணிப் படித்திருக்கிறார்கள். எழுதும் பக்கத்தையும், ஃபைலின் தொடக்கத்தில் என்கோடிங்கைச் சொல்லும் அறிவிப்பு வரியையும் ஒப்பிடுங்கள்.

கேள்விக்குறிகளாக வந்தால் தகவல் போய்விட்டது. தமிழ் இல்லாத என்கோடிங்கில் எழுதும்போதே தொலைந்திருக்கிறது. ஃபைலைத் திருத்திப் பயனில்லை, மூலத்தில் இருந்து மறுபடி எடுக்க வேண்டும். ஜாவாவில் கெட்பைட்ஸ் அழைக்கும்போது என்கோடிங் சொல்லாவிட்டால், 18-க்கு முந்தைய ஜேடிகே இயங்குதளத்தின் இயல்பை எடுத்துக்கொள்ளும். டெவலப்பர் கணினியில் சரியாகவும் சர்வரில் கேள்விக்குறியாகவும் வர இதுவே வழக்கமான காரணம்.

யூடிஎஃப்-8 பைட் செல்லாது என்று பார்சர் நின்றால், அறிவிப்பு யூடிஎஃப்-8, உள்ளே இருப்பது வேறு. வேர்டின் வளைந்த மேற்கோள்கள் விண்டோஸ்-1252-ல் 145 முதல் 148 வரையான தனி பைட்டுகள். அவைதான் பெரும்பாலும் சிக்கும். எதிர்த்திசையில், டாட்நெட்டின் ஸ்ட்ரிங்ரைட்டர் வழியாக எழுதினால் அறிவிப்பில் யூடிஎஃப்-16 என்று விழும். அதை யூடிஎஃப்-8 ஃபைலாகச் சேமித்தால் பெறுகிறவர் திணறுவார். மெமரிஸ்ட்ரீமில் நேராக எழுதுங்கள்.

அறிகுறி: நீளமான பெயர்களில் மட்டும், அல்லது இமோஜியில் மட்டும் உடைகிறது

பெறும் பக்கம் 30 எழுத்து வரம்பு வைத்திருக்கும். நீங்கள் எஸ்கேப் செய்த பிறகு வெட்டியிருப்பீர்கள். வெட்டு &#38; நடுவில் விழுந்தால் மிச்சம் ‘&#3’ என்று தொங்கும். முதலில் வெட்டுங்கள், பிறகு எஸ்கேப். வரம்பு பார்ஸ் ஆன பின் உள்ள எழுத்துகளுக்குத்தான், ஃபைலில் உள்ள நீளத்துக்கு அல்ல.

ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், சி ஷார்ப் மூன்றிலும் ஓர் இமோஜி இரண்டு அலகுகளாக இருக்கும். அலகுக்கு ஒரு எண் வடிவம் எழுதும், கையால் எழுதப்பட்ட கோட் 😀 என்பதை &#55357;&#56832; என்று எழுதும். மேலே சொன்ன வரம்புக்கு வெளியே உள்ள எண்கள் அவை, பார்சர் மறுக்கும். சரியானது &#128512;. அலகுக் கணக்கில் அல்லாமல் கோட்பாயின்ட் (முழு எழுத்தின் குறியெண்) கணக்கில் சுற்றுங்கள். வெட்டும்போதும் அதே கணக்கு.

சில்லறைச் சிக்கல்கள்

எழுத்தை அப்படியே வைக்க உதவும் சிடேட்டா பகுதிக்குள் எஸ்கேப் கிடையாது, &#38; எழுதினால் அப்படியே போகும். உள்ளே ]]> வந்தால் பகுதி அங்கேயே முடிந்துவிடும். இரண்டு சதுர அடைப்புக்குப் பின் ஒரு பகுதியை மூடி, > குறியில் அடுத்த பகுதியைத் தொடங்குங்கள். சிடேட்டாவை எஸ்கேப்புக்கு மாற்று மருந்தாகப் பயன்படுத்துவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மேலே சொன்ன 11, 29 போன்ற கட்டுப்பாட்டு எழுத்துகள் அங்கேயும் செல்லாது.

கமென்ட்டுக்குள் இரட்டைக் கோடு -- வரக் கூடாது, அதை எஸ்கேப் செய்யவும் முடியாது. பிழைத்திருத்தத் தகவலைக் கமென்ட்டில் கொட்டும் பழக்கத்தை விடுங்கள்.

டேக் பெயரில் இடைவெளியோ முதல் எழுத்தாக எண்ணோ வந்தால் எஸ்கேப் உதவாது. எக்செல் தலைப்பை டேக் ஆக்காமல், <புலம் பெயர்="2024 விற்பனை"> என்று அட்ரிபியூட்டில் வையுங்கள். தமிழில் டேக் பெயர் வைப்பது செல்லும்.

அறிவிப்பு வரி ஃபைலின் தொடக்கத்தில் இல்லை என்று வந்தால், அதற்கு முன் ஒரு வெற்று வரி போயிருக்கிறது. பிஎச்பியில் சேர்த்த ஃபைல்களின் கடைசியில் மூடும் குறிக்குப் பின் இருக்கும் வெற்று வரிகளைப் பாருங்கள்.

திருத்தியதைச் சோதிப்பது

இந்த மதிப்பை ஒரு எலிமென்ட்டிலும் ஓர் அட்ரிபியூட்டிலும் எழுதுங்கள்:

<அ> & "ஆ" 'இ' ]]> &#38; தமிழ் க்‌ஷ 😀

இதோடு நடுவில் ஒரு டேபும் ஒரு வரி முறிவும் சேர்த்து, எழுதிய ஃபைலை வேறொரு மொழியின் பார்சரால் படித்து, மூல ஸ்ட்ரிங்கோடு சமமா என்று ஒப்பிடுங்கள். உள்ளே வேண்டுமென்றே வைத்திருக்கும் &#38; அப்படியே திரும்பி வர வேண்டும்; வெறும் & ஆக வந்தால் எங்கோ எஸ்கேப் விடுபட்டிருக்கிறது, &#38;#38; ஆக வந்தால் இரண்டு முறை நடந்திருக்கிறது. வரி முறிவு மட்டும் வேறுபட்டால், விண்டோஸின் 13-10 இணையைப் பார்சர் வெறும் 10 ஆக்கியிருக்கிறது. அது விதிப்படிதான். 13 உண்மையிலேயே வேண்டும் என்றால் அதை &#13; என்று எழுதுங்கள்.